மறு: ‘லிம்ஃபாட்டிக் டிரெயினேஜ்’: வடிகால் வேண்டாம், நீவல்

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். உடம்பில் தேங்கி வீக்கம் தரும் நிணநீரை (லிம்ஃப்) கையால் மெல்ல நகர்த்திவிடும் சிகிச்சையான ‘லிம்ஃபாட்டிக் டிரெயினேஜ்’ என்பதற்குத் தமிழ் கேட்டு நான் எழுதிய மடலுக்கு வந்த பதில்களை இன்று காலை மறுபடியும் வரிசையாகப் படித்தேன். நிணநீர் வடிகால், நிணநீர் வடிப்பு, நிணநீர் வெளியேற்றம், நிணநீர்ச் சுத்திகரிப்பு என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான்குமே ஆங்கிலச் சொல்லைப் பார்த்துச் செய்தவை, அங்கே நடக்கிற காரியத்தைப் பார்த்துச் செய்தவை அல்ல என்பது என் எண்ணம். இது எனக்கு எங்கே உறைத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மயிலாடுதுறையில் இருக்கும் என் சித்திக்குப் போன வருடம் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்தது. வலது அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் (நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) எடுத்துவிட்டார்கள். ஏழெட்டு மாதம் கழித்து வலது கை கனக்க ஆரம்பித்தது. வளையல் ஏறவில்லை, ரவிக்கையின் கை பிடித்தது. காட்டப் போன இடத்தில் தமிழில் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்து, படித்துவிட்டு அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். அதில் இருந்த வரி: ‘நிணநீர் வடிகால் சிகிச்சையைத் தினமும் செய்துகொள்ளவும்.’ சித்தி அன்று இரவே எனக்குப் போன் செய்தார். “மறுபடியும் டியூப் போடுவாங்களாப்பா?” என்றார்.

அறுவை சிகிச்சை முடிந்ததும் பத்து நாள் அவர் விலாவோரம் ஒரு குழாயும் அதன் முனையில் ஒரு புட்டியும் தொங்கின. எவ்வளவு வடிந்திருக்கிறது என்று தினமும் அளந்து எழுதினார்கள். வடிகால், வடித்தல் என்றால் அவருக்கு அந்தக் குழாய்தான். பயந்துபோய் மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. அதற்குள் முழங்கைக்குக் கீழே கை இன்னும் தடித்துவிட்டது. அந்தத் தாளைத் திருத்தி எழுதலாம் என்று உட்கார்ந்தபோதுதான் உங்களிடம் கேட்டேன்.

அந்தச் சிகிச்சையில் உடம்பிலிருந்து ஒரு சொட்டு நீரும் வெளியே வராது. ஊசி இல்லை, குழாய் இல்லை, வெறும் கைதான். இரத்தக் குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீரை மறுபடி இரத்தத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது நிணநீர்க் குழாய்களின் வேலை. இரத்தத்துக்கு இதயம் இருப்பதுபோல் இதற்கென்று தனியாக ஒரு பம்பு கிடையாது. குழாயின் சுவர் தானே சுருங்கித் தள்ளுகிறது. பக்கத்துத் தசை அசையும்போது பிதுக்கிவிடுகிறது. மூச்சை ஆழமாக இழுத்தால் நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து நீர் மேலே இழுபடுகிறது. உள்ளே இருக்கும் சின்னச் சின்ன வால்வுகள் அதைத் திரும்பி வராமல் பார்த்துக்கொள்கின்றன. கடைசியில் காறையெலும்புக்குப் பின்னால், கழுத்தின் அடியில், பெரிய சிரையில் போய்க் கலக்கிறது. அக்குளில் கணுக்களை எடுத்துவிட்டால் கையிலிருந்து போகிற பாதை தடைபடுகிறது. நீர் கையிலேயே தங்கிவிடுகிறது. அதை வேறு பாதைக்குத் திருப்பிவிடுவதுதான் இந்தச் சிகிச்சை.

முறையை வகுத்தவர்கள் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர், எஸ்ட்ரிட் வோடர் தம்பதியர். 1932 வாக்கில் பிரான்சின் கான் நகரில், கழுத்தில் கணு வீங்கி ஓயாத சளியோடு வந்தவர்களிடம் கையால் செய்து பார்த்திருக்கிறார்கள். 1936-ல் பாரிசில் அதை வெளியிட்டார்கள். ‘டிரெயினேஜ்’ என்ற பெயர் அப்போது அவர்கள் வைத்தது. அது அவர்களுக்குப் பொருந்தியிருக்கலாம். அதே உருவகத்தை நாமும் சுமக்க வேண்டும் என்று கட்டாயம் ஏதும் இல்லை.

ஒருநாள் சித்தியோடு நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எண்ணெய் இல்லை, பவுடர் இல்லை. அந்தப் பிசியோதெரபிஸ்ட் அம்மா முதல் பத்து நிமிடம் வீங்கிய கையைத் தொடவே இல்லை. காறையெலும்புக்கு மேலே இருக்கும் குழியில் இரண்டு விரலை வைத்து, தோலை மெல்ல நகர்த்தி, விட்டார். மறுபடி நகர்த்தி, விட்டார். அப்புறம் இடது அக்குள். அப்புறம் மார்பின் குறுக்கே வலமிருந்து இடமாக. அதன் பிறகுதான் மேல்கை, முழங்கை, முன்கை, கடைசியாக விரல்கள். எங்கே தொட்டாலும் கை ஒரே திசையில்தான் போனது. தோல் மட்டும் நகர்ந்தது, சதை அமுங்கவில்லை. “இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடிங்கம்மா” என்று சித்தி கேட்டதற்கு அவர் சொன்னார்: “அழுத்தினா அந்தக் குழாயெல்லாம் மூடிக்கும். அது தோலுக்கு அடியிலேயே இருக்கு. சும்மா நீவி விடணும், அவ்வளவுதான்.”

நீவி விடணும். நான் இரண்டு வாரமாகத் தேடிய சொல் அவர் வாயில் சாதாரணமாக வந்து விழுந்தது.

தொடுதலுக்குத் தமிழில் எத்தனை வினைகள் என்று எண்ணிப் பாருங்கள். தடவு, வருடு, நீவு, உருவு, தேய், பிசை, அமுக்கு, பிடித்துவிடு, கசக்கு. ஒவ்வொன்றுக்கும் அழுத்தம் வேறு, திசை வேறு. பிசைவதும் அமுக்குவதும் இங்கே கூடவே கூடாது. தேய்ப்பதில் சூடு இருக்கிறது. உருவுவது மாட்டின் மடியில் பால் கறக்கிற மாதிரி, இறுக்கிப் பிடித்து இழுப்பது. தடவுவதற்குத் திசை கிடையாது, மருந்தைத் தடவுகிறோம், எப்படித் தடவினாலும் சரி. நீவுவதற்குத் திசை உண்டு. புடவைக் கொசுவத்தை மேலிருந்து கீழே நீவுகிறோம். குழந்தையின் முடியைப் படிய நீவுகிறோம். மென்மையும் திசையும் சேர்ந்தே இருக்கும் வினை இது ஒன்றுதான். இந்தச் சிகிச்சைக்கு உயிர்நாடியும் அந்த இரண்டுதான். ஆகவே என் பரிந்துரை: நிணநீர் நீவல்.

இனி உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன்.

> சுளுக்குக்கும்தான் நீவி விடுகிறோம். அதில் அழுத்தம் பலமாகவே இருக்கும். நோயாளி அப்படி எடுத்துக்கொள்ள மாட்டாரா? ‘வருடல்’ பாதுகாப்பானது.

நியாயமான கேள்வி. நானும் வருடலை எழுதிப் பார்த்தேன். ஆனால் வருடலுக்கும் திசை இல்லை. தென்றல் வருடுவது, கன்னத்தை வருடுவது என்று அது கவிதைப் பக்கம் போய்விட்டது. அறுபது வயது அம்மாவிடம் ‘தினமும் உங்கள் கையை வருடிக்கொள்ளுங்கள்’ என்று தாளில் எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சுளுக்கு நீவலோடு குழம்பாமல் இருக்க, ‘தோல் மட்டும் நகரும்படி’ என்று தாளில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்று நினைக்கிறேன்.

> எங்கள் பக்கம் ‘வீக்கம் வடிஞ்சிருச்சு’ என்றுதானே சொல்வார்கள். வெள்ளம் வடிகிறது, வயலில் நின்ற நீர் வடிவாய்க்காலில் இறங்குகிறது. வடிதல் நல்ல தமிழ். அதை ஏன் தள்ள வேண்டும்?

ஐயா, இந்த மடல் என்னை ஒரு நாள் முழுக்க யோசிக்க வைத்தது. நீங்கள் சொல்வது சரி. வடித்தல் வேறு, வடிதல் வேறு. சோற்றை வடிப்பது, சீழை வடிப்பது: அங்கே ஆள் ஒருவர் வெளியே எடுத்து ஊற்றுகிறார். வீக்கம் வடிவது தானாக நடப்பது, நீர் உள்ளேயே தன் வழியில் போய்விடுகிறது. நான் கோட்டைவிட்ட இடம் இதுதான். ஆங்கிலத்தில் உடம்பு தானாகச் செய்வதற்கும் கைவைத்துச் செய்வதற்கும் அந்த ஒரே சொல்லைப் போட்டுவிட்டார்கள். நாம் இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். உடம்பு செய்வது நிணநீர் வடிதல். கை செய்வது நிணநீர் நீவல். நீவினால் வடியும். இரண்டும் சேர்ந்து ஒரு வாக்கியமாகவே அமைந்துவிடுகிறது, பாருங்கள்.

உங்கள் வடிவாய்க்கால் உவமை இன்னொன்றையும் விளக்குகிறது. டெல்டாவில் வடிவாய்க்காலைத் தூர்வாரி வழிவிட்ட பிறகுதானே வயல் வரப்பை வெட்டிவிடுவார்கள்? பிசியோதெரபிஸ்ட் அம்மா முதலில் கழுத்தையும் மறு அக்குளையும் நீவியது அதற்குத்தான். போகிற இடம் காலியானால்தான் கையிலிருக்கும் நீர் நகரும். இதை அப்படியே தாளில் எழுதப்போகிறேன்.

> நிணம் என்றால் கொழுப்பு. ‘லிம்ஃப்’ தெளிந்த நீர். அடிச்சொல்லே தவறு.

நிணம் என்றால் சங்கப் பாடல்களிலேயே கொழுப்பு, கொழுப்போடு கூடிய ஊன். மறுக்கவில்லை. ஆனால் இந்தக் குழாய்கள் கண்ணில் பட்ட கதையைப் பாருங்கள். 1622-ல் இத்தாலியில் காஸ்பரே அசெல்லி, நன்றாகத் தின்றிருந்த ஒரு நாயின் வயிற்றை அறுத்தபோது குடலை ஒட்டி வெள்ளை வெள்ளையாக நூல்கள் ஓடுவதைக் கண்டார். குத்தியதும் பால்போல வந்தது. அந்த வெண்மை, சாப்பாட்டிலிருந்து குடல் உறிஞ்சிய கொழுப்பு. அவர் அவற்றைப் பால் குழாய்கள் என்றே அழைத்தார். 1653-ல் டென்மார்க்கின் தோமஸ் பார்த்தொலின், மற்ற இடங்களில் தெளிந்த நீர் ஓடும் குழாய்களைப் பார்த்து, தெளிநீர் என்று பொருள்படும் லத்தீன் சொல்லை வைத்தார். குடல் பக்கம் நிணம், கைகால் பக்கம் நீர். நிணநீர் என்ற நம் சொல்லில் இரண்டும் இருக்கின்றன. பள்ளிப் பாடநூல் வழியாக எல்லோருக்கும் பழகியும் விட்டது. அதைத் தொட வேண்டாம்.

‘நிணநீர்ச் சுத்திகரிப்பு’ என்பதை மட்டும் தயவுசெய்து யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நிணநீர் அழுக்கு நீர் அல்ல. உடம்பின் நச்சை எல்லாம் வாரி வெளியே கொட்டிவிடும் என்று சொல்லி பிரஷ், சாறு, பொடி என்று விற்கிறார்கள். நல்ல உடம்போடு இருப்பவருக்கு நிணநீர் ஓடுவதற்கு நடையும் ஆழ்ந்த மூச்சும் ஒரே இடத்தில் மணிக்கணக்காக உட்காராமல் எழுந்திருப்பதும் போதும். அந்தச் சொல் பரவினால் வியாபாரத்துக்குத்தான் உதவும்.

கணு பற்றி ஒரு வரி. ‘நிணநீர்ச் சுரப்பி’ என்று இன்னும் எழுதுகிறார்கள். அது எதையும் சுரப்பதில்லை, வடிகட்டுகிறது. கரும்பில் கணு இருப்பதுபோல் குழாயின் வழியில் இருப்பது, ஆகவே கணுதான் சரி. அது வீங்கினால் சொல்ல நமக்கு ஏற்கெனவே அருமையான வழக்கு இருக்கிறது: நெறி கட்டுதல். காலில் புண் வந்தால் கவட்டில் நெறி கட்டியிருக்கிறது என்று பாட்டிகள் சொல்வார்கள். எந்தப் புண்ணுக்கு எங்கே கணு வீங்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கலைச்சொல் அகராதிகளில் இதைச் சேர்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய அக்கா மானிப்பாய் கிறீனை நினைவூட்டியிருந்தார். மிகவும் நன்றி. அமெரிக்க மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1860-களிலேயே மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்தார், உடற்கூற்று நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். தமிழில் மருத்துவம் எழுதுகிற நாம் எல்லோரும் அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறோம். யானைக்கால் பற்றியும் நீங்கள் எழுதியிருந்தீர்கள். இலங்கை அதைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக 2016-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இங்கே காவிரிப் பக்கத்து ஊர்களில் பழைய யானைக்காலோடு வாழ்கிறவர்களை இன்னும் பார்க்கிறேன். கொசு வழியாக வந்த புழு செத்துப்போயிருக்கும், அதனால் கெட்டுப்போன நிணநீர்க் குழாய்கள் சரியாவதில்லை. அவர்களுக்கு முதல் மருந்து சோப்பும் தண்ணீரும்தான். தினமும் காலைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் நிற்காமல் துடைத்து, சேற்றுப்புண் இருந்தால் மருந்து போட்டு, உட்காரும்போது காலைத் தூக்கி வைத்தால், கிருமி நுழைந்து நெறி கட்டிக் காய்ச்சல் வருவது நன்றாகக் குறையும். அவர்களுக்கும் சேர்த்தே தாளை எழுதலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அன்புடன்.

---

அன்பு நண்பர்களுக்கு,

முந்தைய மடலுக்குப் பிறகு வந்த திருத்தங்களையும் சேர்த்துத் தாளில் அந்தப் பகுதியை இப்படி எழுதியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

‘உங்கள் கையில் தங்கியிருக்கும் நிணநீர் வடிவதற்கு, தினமும் நிணநீர் நீவல் செய்துகொள்ளுங்கள். ஊசி, குழாய் எதுவும் இல்லை. உங்கள் மறு கையே போதும். முதலில் நிதானமாக ஐந்து முறை ஆழ்ந்து மூச்சு விடுங்கள். கழுத்தடியில் தொடங்குங்கள், பிறகு மறு அக்குள், பிறகு மார்பின் குறுக்கே, அதன் பிறகே வீங்கிய கை. தோல் மட்டும் நகரும்படி மெல்ல, உங்களுக்குக் காட்டிக்கொடுத்த திசையிலேயே நீவுங்கள். கை சிவந்து சூடாக இருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ நீவ வேண்டாம், உடனே மருத்துவரைப் பாருங்கள். இதய நோய் உள்ளவர்களும் இரத்தம் உறைந்து அடைப்பு வந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக்கூடாது.’

வீங்கிய கையில் அழுத்தம் தரும்படி இறுக்கமாக அணியும் உறைக்கு ‘அழுத்தவுறை’ என்று போட்டிருக்கிறேன். மாற்றுச் சொல் இருந்தால் எழுதுங்கள். ‘அந்தக் கையால் பாரமே தூக்கக் கூடாது’ என்று பழைய தாளில் இருந்த வரியை எடுத்துவிட்டேன். மேற்பார்வையோடு கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டிப் பயிற்சி செய்த பெண்களுக்கு வீக்கம் கூடவில்லை என்று 2009-லேயே நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஆய்வு வந்திருக்கிறது. அந்த வரியை நம்பி சித்தி தண்ணீர்க் குடத்தைத் தொட்டே ஒரு வருடம் ஆகிறது. எவ்வளவு எடையில் தொடங்குவது என்று பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

நேற்று இரவு மேலே உள்ள பத்தியைச் சித்திக்குப் போனில் படித்துக் காட்டினேன். டியூப் பற்றிக் கேட்கவில்லை. “எத்தனை நிமிஷம்டா செய்யணும்?” என்று கேட்டார். நான் அதைத் தாளில் எழுத மறந்திருந்தேன். அவருக்குச் சொல்லிக்கொடுத்த கணக்குப்படி 15 நிமிடம் என்று சேர்த்துவிட்டேன்.