மெரூன் பட்டுக்கு எடுத்த பிளவுஸ் துணி வெயில்ல வேற கலரா தெரியுது, ஏனுங்க?

சென்னிமலைக்காரி:
வணக்கமுங்க. தை மாசம் தம்பிக்கு கல்யாணம், மாப்பிள்ளைக்கு அக்கா தங்கச்சி செய்யற இணைச்சீர் நாந்தான் செய்யோணும், அதுக்கு மெரூன்ல ஒரு சாஃப்ட் சில்க் எடுத்தாச்சு. கூட வந்த பிளவுஸ் பிட்டு முழங்கை வரைக்கும் கை வெக்கப் பத்தாதுன்னு டெய்லரக்கா சொன்னாங்க, அதனால ஈரோட்டுல தனியா காட்டன் துணி எடுத்தேன். கடைக்குள்ள வெச்சுப் பாத்தா ரெண்டும் ஒரே கலர். வாசல்ல வெயில்ல விரிச்சா புடவை ஒயின் கலரா அடிக்குது, துணி செங்கல் கலர்ல நிக்குது. சாயம் மட்டமா, இல்ல துணியவே மாத்திக் குடுத்துட்டாங்களா? இன்னொண்ணு, எங்க அம்மிச்சி மெரூன் இருட்டுக் கலரு, நல்ல காரியத்துக்கு வேண்டாங் கண்ணுங்கறாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

திருப்பூர் டையிங்:
மாத்தியெல்லாம் குடுக்கலீங்க அம்மிணி. பட்டுக்குப் போடறது பெரும்பாலும் ஆசிட் டை, காட்டனுக்கு ரியாக்டிவ் டை, ரெண்டும் வேற வேற சாயம். மெரூன் ஒரே சாயத்துல வர்றதும் கொறைவு, சிவப்போட கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் நேவின்னு கலந்துதான் கொண்டு வருவோம், மஞ்சள் தூக்குனா செங்கல் பக்கம் போயிரும், நீலம் தூக்குனா ஒயின் பக்கம் போயிரும். சாயம் வேறன்னா ஒரு லைட்ல ஒண்ணாத் தெரிஞ்சது இன்னொரு லைட்ல பிரிஞ்சு நிக்கும். இதுக்காகத்தான் கம்பெனிகள்ல லைட் பாக்ஸ்ல பகல் வெளிச்சத்துக்கு டி65, கடை வெளிச்சத்துக்கு டிஎல்84ன்னு மாத்தி மாத்திப் போட்டுப் பாத்து ஷேடு ஓகே பண்றாங்க. போன்ல போட்டோ அனுப்பி மேட்ச் கேக்கறதும் வேலைக்காகாது, கம்ப்யூட்டர்ல மெரூன்ங்கறது சிவப்பு 128, பச்சை 0, நீலம் 0, அவ்வளவுதான், துணில இருக்கற மினுமினுப்பு அதுல எங்க வரும்?

சிறுமுகை தறி:
அண்ணன் சொன்னதோட இதையும் பாருங்க. முந்தில தொங்குற குஞ்சத்த வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க, அது பாவு நூல், நீளவாக்குல ஓடறது. குஞ்சம் நல்ல சிவப்பா இருந்து புடவை மெரூனா இருந்தா குறுக்க ஓடற ஊடை நூல் கருப்போ அடர் ஊதாவோ ஓடியிருக்குதுன்னு அர்த்தம், அதுதான் மடிப்புல ஒரு கலர், நிமுத்துனா ஒரு கலர்னு தெரியும். அதுக்கு ஒரே சாயத்துல முக்குன துணி எதுவும் சேராதுங்க, ஜென்மத்துக்கும் சேராது. ஒட்டாத மெரூனப் போடறதுக்குப் பதிலா பாட்டில் பச்சையோ மாம்பழ மஞ்சளோ பிளவுஸ் போடுங்க. அரக்குல, அதான் மெரூன்ல, பச்சை பார்டர் காலங்காலமா ஓடற ஜோடி, மண்டபத்து லைட்ல அது எடுக்கற எடுப்பே தனி.

பவானி ஆத்தா:
அம்மிச்சிகிட்ட எம் பேரச் சொல்லி சொல்லு கண்ணு, அரக்கு ஒண்ணும் கருப்பில்ல. அந்தக் காலத்துல புரசு, இலந்தை மரத்துல அண்டற அரக்குப் பூச்சிலருந்து எடுத்த சாயம் அது, பட்டுல ஏத்துனா நல்லா அடர்ந்த சிவப்பு வரும். எங்க காலத்துல முகூர்த்தத்துக்கே அரக்குப் பட்டு கட்டி மணவறைல உக்காந்தவங்க எத்தன பேரு! மைசூர் தாண்டி பைலகுப்பேல திபெத்துக்காரங்க மடத்துல சாமியாருங்க போத்தறதும் இதே கலருதான், நம்ம ராணுவத்துல பாரசூட்டுல குதிக்கறவங்க தொப்பியும் மெரூனுதான், வெளிநாட்டுல நம்ம தூதரகத்துல இருக்கற அதிகாரிங்க பாஸ்போர்ட் அட்டையும் மெரூனு. இத்தன மரியாதைக்கு வெச்சிருக்கற கலர எப்புடி இருட்டுங்கறது?

சென்னிமலைக்காரி:
ரொம்ப நன்றிங்க எல்லாத்துக்கும். குஞ்சம் பாத்தேன், மொளகாப்பழச் சிவப்புங்க! பாட்டில் பச்சைக்கே போயர்றேன். சாயம் எறங்குமான்னு மட்டும் பயமா இருக்குது, பச்சை பிளவுஸ்ல ஒட்டிக்காதுங்களா?

திருப்பூர் டையிங்:
வெள்ளைக் கைக்குட்டைய நனைச்சுப் புழிஞ்சு, உள்பக்கம் மடிப்புல பத்துத் தடவ தேச்சுப் பாருங்க. லேசா ரோஸ் ஏறுனா பரவால்ல, அடர் கலர்ல கொஞ்சம் வரத்தான் செய்யும். நல்லா செவந்துச்சுன்னா ஈரம் பட்டா பிளவுஸ்லயும் ஒட்டும், தொவைக்க டிரை கிளீனிங்குக்கே குடுத்துருங்க, வீட்டுல ஊற மட்டும் போட்டராதீங்க.