வெள்ளியங்கிரியில் கோடை மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது?

சித்ரா பௌர்ணமிக்கு அப்பா, மச்சான், நான் மூவரும் ஏழு மலை ஏறிச் சிவனைப் பார்க்கும் வெள்ளியங்கிரிக்குப் போகலாம் என்று இருக்கிறோம். எல்லோருக்கும் முதல் தடவை. அப்பாவுக்கு 58 வயது, தினமும் நடப்பவர்தான். இங்கே கோவையில் வெயில் கொளுத்துகிறது, ஆனால் மேலே திடீரென்று இடி மழை இறங்கும் என்கிறார்கள். குடை போதுமா?

மலைக்கிறுக்கன்:
குடையை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மேல் மலைகளில் அடிக்கிற காற்றுக்கு அது நிற்காது, அதோடு மூங்கில் தடி பிடிக்க ஒரு கை வேண்டும். மழைக்கோட்டு நல்லது. பருத்தித் துணி நனைந்தால் சீக்கிரம் காயாது, அந்த ஈரத்தோடு காற்றில் நின்றால் மே மாதத்திலும் பல் தந்தியடிக்கும். ஆறாவது மலையில் ஆண்டி சுனையில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடே ஏழாவதுக்கு ஏறுகிறவர்கள் நிறைய, பக்தி சரி, அப்பாவை அப்படி விடாதீர்கள். மாற்றுத்துணி, ஸ்வெட்டர் இரண்டையும் தண்ணீர் புகாத பையில் வையுங்கள். பிளாஸ்டிக் கவர் என்றால் அடிவாரத்திலேயே சோதனையில் வாங்கிவிடுவார்கள்.

தொண்டாமுத்தூரான்:
மழையை விட மின்னலுக்குத்தான் பயப்பட வேண்டும். உச்சி வெறும் பாறையும் புல்லும், அங்கே உயரமாக நிற்பது நாம்தான். மின்னிய பிறகு 30 வினாடிக்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே கீழே இறங்குங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை திரும்ப ஏறாதீர்கள். தனி மரத்தடியில் ஒதுங்க வேண்டாம், மூவரும் ஒட்டி நிற்கவும் வேண்டாம். மின்னல் எச்சரிக்கைக்குத் தாமினி செயலி இருக்கிறது, ஆனால் சிக்னலை நம்ப முடியாது, அடிவாரமான பூண்டியிலேயே பார்த்துவிடுங்கள். கோடை இடி பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான், அதனால் இரவில் ஏறி விடிந்ததும் இறங்கத் தொடங்குவதே சரி.

மலைக்கிறுக்கன்:
அது சரிதான், ஆனால் பௌர்ணமிக் கூட்டத்தில் நினைத்த நேரத்துக்கு இறங்க விடுவார்களா? வழுக்குப் பாதையில் முன்னால் நூறு பேர் நின்றால் நீங்களும் மழையில் நிற்க வேண்டியதுதான். என்னைக் கேட்டால் வேறு நாளில், அதுவும் வாரநாளில் போங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. பௌர்ணமியைக் கைவிட அப்பா ஒத்துக்கொள்வாரா தெரியவில்லை, பேசிப் பார்க்கிறேன். டார்ச் ஆளுக்கு ஒன்றா?

தொண்டாமுத்தூரான்:
ஆளுக்கு ஒன்று, தலையில் மாட்டுகிற வகை. செல்போன் வெளிச்சத்தை நம்பி ஏறினால் ஆபத்துக்கு அழைக்கச் சார்ஜ் இருக்காது. அப்புறம், கிளம்பும் முன் அப்பாவுக்கு ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள்.