மூட்டு வலிக்கு டைக்ளோபெனக் கேக்குறாங்க, சப்சென்டர்ல நான் குடுக்கலாமா?

புது_சிஸ்டர்:
எல்லாருக்கும் வணக்கம். பிஎஸ்சி நர்சிங் முடிச்சு இப்பதான் எம்எல்எச்பியா (சப்சென்டரைப் பாத்துக்கற நர்ஸ் வேலை) ஒரு கிராமத்து சப்சென்டர்ல சேர்ந்திருக்கேன். வார்டுல இருந்த வரைக்கும் டாக்டர் ஆர்டர் எழுதுவார், நாம டோஸ் சரிபார்த்து குடுப்போம், இங்க என்னடான்னா ஜனங்க நேரா என்கிட்டயே வந்து "ஏதாச்சும் மாத்திரை குடும்மா"ன்னு நிக்குறாங்க. இப்ப ஒரு கேஸ். 68 வயசு அம்மா, பிபியும் சுகரும் இருக்கு. பிபிக்கு அம்லோடிபின் 5, எனலாப்ரில் 5, சுகருக்கு மெட்பார்மின் 500 காலை ராத்திரி, இது நம்ம சப்ளை. கால் வீங்குதுன்னு டவுன்ல ஒரு கிளினிக்ல நீர் பிரிக்கிற மாத்திரை ப்ரூஸ்மைட் 40 எழுதிருக்காங்க. முட்டி வலி தாங்கல, டைக்ளோபெனக் குடுன்னு கேக்குறாங்க. சுகர் வேற போன தடவையை விட ரொம்ப ஏறி இருக்கு, மாத்திரை ஒழுங்கா போடுறேன்னுதான் சொல்றாங்க. ஸ்டாக்ல டைக்ளோ இருக்கு. குடுக்கலாமா? பார்மகாலஜி படிச்சது பாதி மறந்துபோச்சு, எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னும் சொல்லுங்க.

பிஎச்சி_அக்கா:
குடுக்காதீங்க சிஸ்டர். ஸ்டாக்ல இருக்குங்கறதுக்காக குடுக்கக் கூடாது. நம்ம ஊர் சட்டப்படி நமக்கு பிரிஸ்கிரைப் பண்ற அதிகாரம் இல்ல, டாக்டர் எழுதின மருந்தை ரீஃபில் பண்ணலாம், புரோட்டோகால்ல நமக்குன்னு எழுதிக் குடுத்திருக்கற சின்னச் சின்ன தொந்தரவுக்கு மருந்து தரலாம், மத்ததெல்லாம் எம்ஓவுக்கு, அதாவது நம்ம பிஎச்சி (ஆரம்ப சுகாதார நிலையம்) டாக்டருக்கு போன், இல்லன்னா இ-சஞ்சீவனில (அரசாங்கத்தோட ஆன்லைன் டாக்டர் சேவை) டாக்டரைப் பிடிச்சு கேட்டு எழுதி வெச்சுட்டு குடுக்கறது. ஆனா ரீஃபில்னா சும்மா எண்ணிக் குடுக்கற வேலைன்னு நினைச்சிடாதீங்க, தப்பு நடக்குறதே அங்கதான். அந்த அம்மாவை வீட்ல இருக்கற எல்லா மாத்திரையையும் பையோட எடுத்துட்டு வரச் சொல்லுங்க. "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா"ன்னு கேட்டா இல்லன்னுதான் சொல்வாங்க, கடையில வாங்குறதை யாரும் மருந்துன்னே கணக்குல எடுக்கறதில்ல. "உடம்பு வலிக்கு கடையில செட் மாத்திரை வாங்குவீங்களாம்மா"ன்னு கேளுங்க, உடனே ஆமான்னு வரும், ரெண்டு மூணு மாத்திரையை ஒரே பொட்டலமா மடிச்சுக் குடுப்பாங்களே அதுதான். முட்டி வலி, சுகர் திடீர்னு ஏறி இருக்குன்னா எனக்கு முதல் சந்தேகம் அந்த பொட்டலத்து மேலதான்.

கிராமத்து_டாக்டர்:
மேல சிஸ்டர் சொன்னது ரொம்ப சரி. ஏன்னு மட்டும் நான் சொல்றேன், காரணம் புரிஞ்சா மறக்காது. கிட்னிக்குள்ள ரத்தம் வர்ற சின்னக் குழாயை விரிச்சு வெச்சிருக்கறது உடம்பு தானா சுரக்கற புரோஸ்டாகிளான்டின். டைக்ளோபெனக், ஐபுப்ரொபென், அசிக்ளோபெனக் எல்லாமே அதைத்தான் தடுக்குது, அப்ப உள்ள வர்ற வழி சுருங்கும். எனலாப்ரில் வெளிய போற குழாயை விரிச்சு விடுது, ப்ரூஸ்மைட் உடம்புல தண்ணியையே குறைச்சிடுது. வரத்து குறைஞ்சு மதகும் திறந்து கிடக்கற ஏரி மாதிரி ஆயிடும், வடிகட்டுறதுக்கு அழுத்தமே இருக்காது. வயசானவங்க, சுகர் உள்ளவங்க, கூடவே ரெண்டு நாள் வாந்தி பேதின்னா கிட்னி வேலை குறையறதைக் காட்டுற கிரியாட்டினின் சரசரன்னு ஏறும். கிட்னி சுருண்டா மெட்பார்மினும் உடம்புல தேங்கும். போதாக்குறைக்கு டைக்ளோ உப்பைத் தேக்கி பிபியையும் ஏத்தும்.

இன்னொன்னு, அந்த கால் வீக்கமே அம்லோடிபினால வந்ததா இருக்கலாம். அது சின்ன ரத்தக் குழாய்களை விரிக்கறதுல நீர் கணுக்கால்ல இறங்குது, அதுக்கு ப்ரூஸ்மைட் பெருசா கேக்காது, டோஸை குறைக்கணும் இல்லன்னா மருந்தை மாத்தணும். ஒரு மாத்திரையோட பக்கவிளைவுக்கு இன்னொரு மாத்திரைன்னு போய்ட்டே இருக்கு பாருங்க, எனலாப்ரில் போடுறவங்க வறட்டு இருமலுக்கு சிரப் வாங்கிட்டுப் போறதும் இதே கதைதான். ஆனா நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, மூச்சு வாங்குதா, படுத்தா மூச்சு முட்டுதா, முகம் வீங்குதா பார்த்துட்டு எம்ஓகிட்ட சொல்லுங்க, கிரியாட்டினினும் பொட்டாசியமும் எடுக்க அனுப்புங்க. வலிக்கு இப்போதைக்கு பாராசிட்டமால் 500, எம்ஓகிட்ட சொல்லிட்டே குடுங்க. அந்த வயசுல எடை 50 கிலோவுக்கு கம்மியா இருந்தா ஒரு நாளைக்கு 4 கிராம் வரைக்கும்ங்கற கணக்கெல்லாம் பொருந்தாது, ரொம்ப கம்மியாவே நிறுத்தணும்.

புது_சிஸ்டர்:
ரொம்ப நன்றி டாக்டர், நன்றி அக்கா. பையைக் கொண்டு வரச் சொன்னேன். அக்கா சொன்ன மாதிரியே பேப்பர்ல மடிச்ச பொட்டலம், உள்ள ஒரு ஆரஞ்சு, ஒரு மஞ்சள், பொடிசா ஒரு வெள்ளை மாத்திரை, பேரே இல்ல. பல மாசமா வாரத்துல நாலஞ்சு நாள் போடுறாங்களாம். நிறுத்தச் சொல்லிடவா?

மெடிக்கல்_தம்பி:
பார்மசிஸ்ட்டா சொல்றேன் சிஸ்டர். அந்த மாதிரி பொட்டலத்துல ஒரு வலி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை, பொடிசா இருக்கறது பல சமயம் டெக்ஸாமெத்தசோன் இல்லன்னா பீட்டாமெத்தசோன், ரெண்டுமே ஸ்டீராய்டு. வலி சட்டுனு நிக்குறதும் சுகர் ஏறுறதும் அதனாலயா இருக்கலாம். நிறத்தை வெச்சு என்ன மாத்திரைன்னு முடிவு பண்ணாதீங்க, பொட்டலத்தை அப்படியே எம்ஓகிட்ட காட்டுங்க. பல மாசமா ஸ்டீராய்டு உள்ள போயிருந்தா உடம்பு தானா சுரக்கறதை குறைச்சிருக்கும், சடார்னு நிறுத்தினா மயக்கம், வாந்தி, பிபி இறங்குறதுன்னு ஆபத்தாயிடும், எப்படி குறைக்கறதுன்னு டாக்டர்தான் சொல்லணும். அதனால இன்னைக்கே போன் பண்ணுங்க, நாளைக்குன்னு வைக்காதீங்க.

பிஎச்சி_அக்கா:
எங்கிருந்து படிக்கறதுன்னு கேட்டீங்கல்ல. புக்கை முதல் பக்கத்துல இருந்து புரட்டாதீங்க, உங்க அலமாரில இருக்கற மருந்தை மட்டும் எடுத்து ஒவ்வொன்னுக்கும் எதுக்கு, எவ்வளவு, யாருக்கு குடுக்கவே கூடாது, எதோட சேராதுன்னு ஒரு நோட்ல உங்க கைப்பட எழுதுங்க. சுகர் மருந்துல ஆரம்பிங்க. மெட்பார்மின் மட்டும்னா சுகர் தாழ்ந்து போறது அபூர்வம், ஆனா கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு எல்லாம் சாப்பிட்டாலும் சாப்பிடலன்னாலும் இன்சுலினை சுரக்க வெச்சுட்டே இருக்கும். புரட்டாசி சனிக்கிழமை விரதம், ரமலான் நோன்பு, இல்ல சும்மா காய்ச்சல்ல ரெண்டு நாள் கஞ்சி இறங்கலன்னாலே போதும், விடிகாலைல உளறிட்டு கிடப்பாங்க. கூட பிபிக்கு அட்டினலால் போடுறவங்களுக்கு சுகர் தாழ்றப்ப வர்ற படபடப்பும் கை நடுக்கமும் அவ்வளவா தெரியாது, வியர்வைதான் முக்கிய அடையாளம், இதை வீட்டுக்காரங்களுக்கும் சொல்லி வைங்க. நினைவு இருந்தா 3 ஸ்பூன் சர்க்கரை தண்ணில கலக்கிக் குடுத்து 15 நிமிஷம் கழிச்சு திரும்ப சுகர் பாருங்க. நினைவு இல்லன்னா வாயில எதுவும் ஊத்தக் கூடாது, 108தான். சர்க்கரை குடுத்து எழுந்து உக்காந்துட்டாலும் இந்த மாத்திரை போடுறவங்களை பிஎச்சிக்கு அனுப்பியே ஆகணும், மருந்து உடம்புல இருக்கற வரைக்கும் திரும்பவும் இறங்கும்.

அப்புறம் 30 வயசு பொண்ணு எனலாப்ரில் ரீஃபிலுக்கு வந்தா பீரியட்ஸ் தள்ளிப் போயிருக்கான்னு கேக்காம குடுக்காதீங்க, கர்ப்பத்துல அது கூடவே கூடாது.

மெடிக்கல்_தம்பி:
குழந்தைங்க பாராசிட்டமாலையும் சேர்த்துக்கோங்க. ட்ராப்ஸ்ல 1 மில்லிக்கு 100 மி.கி., சிரப் சிலது 5 மில்லிக்கு 125, சிலது 250. கிலோவுக்கு 15 மி.கி.ன்னா 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி., அது ட்ராப்ஸ்ல 1.5 மில்லி, 125 சிரப்ல 6 மில்லி, 250 சிரப்ல 3 மில்லி. "6 மில்லி குடுங்க"ன்னு மட்டும் சொல்லி அனுப்பினா அந்தம்மா வீட்ல இருக்கற ட்ராப்ஸ்ல 6 மில்லி ஊத்திடுவாங்க, அது 600 மி.கி. எந்த பாட்டில்னு கையில வெச்சு காட்டுங்க, கூட வர்ற மூடியிலயோ சிரிஞ்சுலயோ பேனால கோடு போட்டு, அவங்களையே ஒரு தடவை ஊத்திக் காட்டச் சொல்லிட்டு அனுப்புங்க.