ஹாரிஸ் பார்க்கில் பெரியப்பா

*எங்கள் வீட்டுக் குழு*

பெரியப்பா: (படம்) மகள் வீட்டுக்குப் பக்கத்துத் தெரு. தோசைக் கடை, சாட் கடை, புடவைக் கடை எல்லாம் இருக்கிறது. ஊர் ஹாரிஸ் பார்க், சிட்னிக்கு மேற்கே பரமட்டாவை ஒட்டி. யார் அந்த ஹாரிஸ் என்று விசாரித்தேன். ஜான் ஹாரிஸ், படைப்பிரிவு மருத்துவர். 1793-இல் இங்கே 30 ஏக்கரை 40 பவுண்டுக்கு வாங்கியிருக்கிறார்.

சித்தப்பா: விற்றவர் யார் அண்ணே?

பெரியப்பா: ஜேம்ஸ் ரூஸ். இரண்டு நாளாக அவரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தில் கார்ன்வால் பக்கத்து விவசாயி, திருட்டு வழக்கில் 7 ஆண்டு தண்டனை. இங்கே குடியேற்றம் அமைக்க 1788 ஜனவரியில் அங்கிருந்து 11 கப்பல்களில் வந்த கைதிகளில் ஒருவர்.

பெரியப்பா: சிட்னித் துறைமுகத்தில் மணல் மண், விதைத்தது விளையவில்லை. ஆளுநர் ஆர்தர் பிலிப் ஆற்றோடு மேற்கே வந்து, உப்புத் தண்ணீர் முடிந்து நல்ல தண்ணீர் தொடங்கும் இடத்தில் அந்த நவம்பரில் பண்ணை போட்டார். அதுதான் பரமட்டா. முதலில் வைத்த பெயர் ரோஸ் ஹில்.

அத்தை: அதுவரை சாப்பாட்டுக்கு என்ன செய்தார்கள் அண்ணா?

பெரியப்பா: கப்பலில் வந்ததை அளந்து தின்றார்கள். 1790 ஏப்ரலில் ஒருவருக்கு வாரத்துக்கு இரண்டரை பவுண்டு மாவு, 2 பவுண்டு உப்புப் பன்றிக்கறி, 2 பவுண்டு அரிசி. அரிசி நம் கணக்கில் ஒரு கிலோகூட இல்லை. அதுவும் புழுத்து, தானாக நகர்ந்தது என்று வாட்கின் டெஞ்ச் என்ற அதிகாரி எழுதியிருக்கிறார். உதவிக்கு வந்த கார்டியன் கப்பல் நடுக்கடலில் பனிப்பாறையில் மோதிவிட்டது. ஆளுநர் வீட்டு விருந்துக்குப் போகிறவர்களும் ரொட்டியைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

அத்தை: ஐயோ. விருந்தாளி சோறு கட்டிக்கொண்டு போவதா!

நான்: ரூஸ் என்ன செய்தார் பெரியப்பா?

பெரியப்பா: தண்டனைக் காலம் முடிந்ததும் நிலம் கேட்டார். ஒரு குடும்பம் தன் கையால் விளைவித்துப் பிழைக்க முடியுமா என்று பார்க்க, 1789 நவம்பரில் ஒன்றரை ஏக்கர், ஒரு குடிசை, விதை, கொஞ்சம் பன்றி, கோழி கொடுத்தார் பிலிப். ஏர் இல்லை, உழவு மாடு இல்லை, எல்லாம் கைக்கொத்து. வெட்டிய மரத்தை எரித்துச் சாம்பலை மண்ணில் கொத்திவிட்டார். கட்டியை உடைத்து, புல்லையும் களையையும் உள்ளே புதைத்தார். முடிந்த மட்டும் வெயிலும் காற்றும் பட ஆறப் போட்டு, விதைப்பதற்குச் சற்று முன் மறுபடி புரட்டினார். அரசுப் பண்ணையில் மேலாகக் கீறிவிடுகிறார்களே, அப்படி இல்லை என்று டெஞ்சிடம் சொல்லியிருக்கிறார். நாம் கோடை உழவு போடுவதும் இதற்குத்தானே. படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சித்தப்பா: தழையுரம், சாம்பல், கோடை உழவு. ஆள் விவசாயிதான்.

பெரியப்பா: 1791 பிப்ரவரியில், இனி எனக்கு அரசுக் கிடங்கிலிருந்து தானியம் வேண்டாம் என்றார். அந்த ஆண்டே 30 ஏக்கர் அவருக்கு. குடியேற்றத்தில் முதல் நிலப் பட்டா.

அக்கா: அப்பா, பாப்பா உங்களிடம் ஒன்று கேட்கச் சொல்கிறாள். அந்த நிலம் பட்டா கொடுக்க ஆளுநருடையதா என்று. பள்ளியில் பரமட்டா என்றால் விலாங்கு இருக்கும் இடம் என்று சொல்லிக்கொடுத்தார்களாம்.

பெரியப்பா: சரியாகக் கேட்டாள். விலாங்கு பிடித்து இங்கே வாழ்ந்தவர்கள் பரமட்டகல் மக்கள். அவர்களை யாரும் கேட்கவே இல்லை. பண்ணை போட்ட மறு ஆண்டே பெரியம்மை வந்தது. சிட்னியைச் சுற்றி இருந்தவர்களில் பாதிப் பேர் இறந்துவிட்டதாக அந்த மக்களில் ஒருவரான பெனலாங் ஆளுநரிடமே சொல்லியிருக்கிறார்.

பெரியப்பா: பலூடெரி என்று ஓர் இளைஞர். பரமட்டாவில் குடியேறியவர்களுக்கு மீன் கொடுத்து ரொட்டி வாங்கிப் போவார். 1791-இல் கைதிகள் சிலர் அவருடைய தோணியை உடைத்துவிட்டார்கள். பிலிப் அவர்களுக்குச் சவுக்கடி கொடுத்தார், ஒருவரைத் தூக்கிலிட்டதாகப் பொய்யும் சொன்னார். பலூடெரிக்கு ஆறவில்லை. ஒரு கைதியை ஈட்டியால் குத்தினார். பிலிப் அவரைப் பிடிக்கச் சொல்லி ஆணை போட்டார்.

அத்தை: பிடித்துவிட்டார்களா?

பெரியப்பா: இல்லை. டிசம்பரில் நோயில் விழுந்தார். அப்போது பிலிப்பே மருத்துவமனைக்கு அழைத்துவந்தார். பிழைக்கவில்லை. ஆளுநர் தோட்டத்தில் புதைத்தார்கள். ஒரு தோணியை அளவாக வெட்டி, அதில் அவரைக் கிடத்தி, ஈட்டி, தூண்டில் கயிறு எல்லாம் உடன் வைத்து.

அத்தை: தோணியிலேயா...

நான்: எதில் செய்த தோணி பெரியப்பா?

பெரியப்பா: மரப்பட்டை. ஒரே பட்டையை நீளமாக உரித்து, தீயில் வாட்டி, இரு முனையையும் கட்டுவார்கள். பட்டை உரித்த வடுவோடு பரமட்டா பூங்காவில் மரங்கள் நிற்கின்றனவாம். நாளை காலை பாப்பாவோடு போகிறேன்.

அக்கா: குளிர் அதிகம் அப்பா, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போங்கள்.

சித்தப்பா: வடு தெரிகிற மாதிரி கிட்டப் போய்ப் படம் எடுங்கள் அண்ணே.