கதவைப் பூட்டி வைத்த ஆப்பிள் தப்பியது, திறந்து வைத்த கூகுள் சிக்கியது: இது என்ன நியாயம்?

ஆலமரத்தான்:
2020 ஆகஸ்ட் 13 அன்று எபிக் கேம்ஸ் நிறுவனம் தன் ஃபோர்ட்நைட் விளையாட்டுக்குள் யாரிடமும் சொல்லாமல் ஒரு வழியைத் திறந்துவிட்டது. 30 சதவீதம் கமிஷன் பிடித்த கடைக்காரரை (ஐபோனில் ஆப்பிளின் ஆப் ஸ்டோர், ஆண்ட்ராய்டில் கூகுளின் பிளே ஸ்டோர்) தவிர்த்து நேரடியாகப் பணம் கட்டினால் 9.99 டாலர் வி-பக்ஸ், அதாவது விளையாட்டுக்குள் செலவழிக்கும் நாணயம், 7.99 டாலருக்குக் கிடைக்கும். அன்றைக்கே ஆப்பிளும் கூகுளும் விளையாட்டை நீக்கின. அன்றைக்கே எபிக் இருவர் மீதும் ஏகபோகம் செய்கிறார்கள் என்று வழக்குத் தொடுத்தது. ஆப்பிளின் பழைய விளம்பரத்தைக் கேலி செய்யும் படம்கூடத் தயாராக இருந்தது. அவ்வளவு முன்னேற்பாடு!

ஆப்பிள் வழக்கில் 2021 செப்டம்பரில் தீர்ப்பு. பத்துக் குற்றச்சாட்டுகளில் ஒன்பதில் ஆப்பிளுக்கு வெற்றி. ஒப்பந்தத்தை மீறியதற்காக எபிக்தான் பணம் கட்டியது. கூகுள் வழக்கில் 2023 டிசம்பரில் ஜூரி (பொதுமக்களிலிருந்து எடுத்த நடுவர் குழு) ஒருமனதாகக் கூகுளுக்கு எதிராக முடிவு செய்தது. அப்போதே ஆண்ட்ராய்டில் வெளிக்கடைகளிலிருந்தும் செயலிகளை நிறுவ முடிந்தது, ஐபோனில் முடியவில்லை. அப்படியிருக்க, தாராளமாக இருந்தவர் குற்றவாளி, இறுக்கிப் பிடித்தவர் நிரபராதி என்றால் என்ன கணக்கு? என்னைக் கேட்டால் ஆப்பிள், கூகுள் இருவருமே வென்றிருக்க வேண்டும்.

பனைநிலம்:
ஐயா, கூகுள் தோற்றது தாராளத்துக்காக இல்லை. அந்தத் திறந்த கதவு வழியாக யாரும் போய்விடக் கூடாது என்று காசு செலவழித்தது, அதில் மாட்டிக்கொண்டது. விசாரணையில் வெளிவந்த உள் ஆவணங்களைப் பாருங்கள். பெரிய விளையாட்டு நிறுவனங்கள் தனிக்கடை தொடங்காமல் இருக்க 'ப்ராஜெக்ட் ஹக்' என்ற பெயரில் சலுகைகள். ஆக்டிவிஷன் பிளிஸார்டுக்கு மட்டும் சுமார் 36 கோடி டாலர் மதிப்பில் ஒப்பந்தம். கைபேசி தயாரிப்பாளர்களுடன் வருமானப் பங்கீடு வேறு. கடையைத் தடுக்கக் கொடுத்த பணமில்லை என்றது கூகுள், ஜூரி நம்பவில்லை. ஊழியர்களின் உரையாடல்கள் தானாக அழியும்படி விட்டிருந்ததும் நீதிபதி ஜேம்ஸ் டொனாட்டோவைக் கடுப்பேற்றியது.

ஆப்பிள் யாரிடமும் இப்படிப் பேரம் பேசத் தேவையிருக்கவில்லை. கருவியும் மென்பொருளும் கடையும் ஒரே வீட்டுக்குள். ஐபோனே ஒரு தனிச் சந்தை என்று எபிக் வாதிட்டது. நீதிபதி இவான் கொன்சாலஸ் ராஜர்ஸ் அதை ஏற்காமல், கைபேசி விளையாட்டுப் பரிவர்த்தனைகள் மொத்தத்தையும் சந்தையாக எடுத்துக்கொண்டார். அதில் ஆப்பிளின் பங்கு 52 முதல் 57 சதவீதம். அந்தச் சான்றுகளை வைத்து ஏகபோகம் என்று சொல்ல முடியாது என்றார். ஒன்றில் நீதிபதி தீர்த்தார், மற்றொன்றில் ஜூரி. அதுவும் ஒரு வேறுபாடு.

ஆலமரத்தான்:
அப்படியானால் நாளைக்குப் புதிதாகக் கடை தொடங்குபவர் முதல் நாளிலேயே பூட்டிவிட வேண்டும். யாருடனும் ஒப்பந்தம் போடாதே, யாரையும் உள்ளே விடாதே, பிழைத்துக்கொள்வாய். நல்ல சட்டம்!

பனைநிலம்:
அந்த ஆபத்து உண்மைதான். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் வழக்குகளை மட்டும் நம்பியிராமல் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் என்று தனியாகக் கொண்டுவந்தது. 2024 மார்ச் முதல் அங்கே ஐபோனிலும் வேறு கடைகளுக்கு இடம் உண்டு.

கரிசல்மகள்:
நான் சின்னச் சின்னப் புதிர் விளையாட்டுகள் செய்து விற்பவள். எல்லோரும் 30 சதவீதம், 30 சதவீதம் என்கிறீர்கள். ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்குக் கீழ் வருமானம் உள்ளவர்களுக்கு 2021 முதலே ஆப்பிள் 15 சதவீதம்தான் பிடிக்கிறது. என் போன்றவர்களுக்கு விகிதத்தைவிட வாய்ப்பூட்டுத்தான் பெரிய வலி.

வாரச்சந்தையை ஏலம் எடுத்த குத்தகைதாரர் சுங்கம் கேட்கிறார், கொடுக்கிறோம். ஆனால், "என் வீட்டுக்கு வந்தால் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைவு" என்று காய்கறிக்காரி வாடிக்கையாளரிடம் சொல்லவே கூடாது என்றால்? ஆப்பிள் தோற்ற அந்தப் பத்தாவது குற்றச்சாட்டு இதுதான். வெளியே மலிவாகக் கிடைக்கும் என்பதைச் செயலிக்குள் சொல்லவும் இணைப்புக் கொடுக்கவும் இருந்த தடை கலிபோர்னியாவின் நியாயமற்ற போட்டிச் சட்டத்துக்கு முரண் என்றது தீர்ப்பு.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. 2024 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்க மறுத்ததும், ஆப்பிள் வெளி இணைப்பை அனுமதித்தது. அனுமதித்துவிட்டு, அந்த இணைப்பைத் தொட்டவர் ஏழு நாளுக்குள் வெளியே வாங்கினால் அதிலும் 27 சதவீதம் கேட்டது! கார்டு நிறுவனத்துக்குத் தனியாகக் கட்டணம் கட்டினால் மிச்சம் என்ன? பூஜ்யம், அல்லது அதற்கும் கீழே. போதாக்குறைக்கு, இணைப்பைத் தொட்டால் பயமுறுத்தும் எச்சரிக்கைப் பக்கம்.

2025 ஏப்ரல் 30 அன்று அதே நீதிபதி, ஆப்பிள் தன் உத்தரவை வேண்டுமென்றே மீறியதாகத் தீர்ப்பளித்தார். ஆப்பிளின் நிதிப் பிரிவுத் துணைத் தலைவர் ஒருவர் சத்தியப் பிரமாணத்தின்மேல் பொய் சொன்னார் என்று எழுதினார். உத்தரவுப்படி நடக்கலாம் என்று ஆப் ஸ்டோரைக் கவனித்துவந்த பில் ஷில்லர் சொன்னதையும், அப்போது ஆப்பிளின் தலைமை நிர்வாகியாக இருந்த டிம் குக் அதைக் கேட்காததையும் பதிவு செய்தார். குற்றவியல் நடவடிக்கை தேவையா என்று பார்க்க அரசு வழக்கறிஞருக்கும் அனுப்பினார். அடுத்த மாதம் ஃபோர்ட்நைட் அமெரிக்க ஐபோன்களுக்குத் திரும்பியது. பத்தில் ஒன்பது வென்றவர் அந்த ஒன்றுக்காக ஏன் இவ்வளவு தூரம் போனார், ஆலமரத்தான் அண்ணா? காசு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

குதிரைவாலி:
எபிக்கை ஏழை விவசாயி ஆக்கிவிடாதீர்கள். சீனாவின் டென்சென்ட் நிறுவனம் பங்கு வைத்திருக்கும் பெரும் நிறுவனம் அது. குழந்தைகளின் தரவு விஷயத்திலும், தெரியாமல் பொத்தானை அழுத்தி வாங்க வைத்ததிலும் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் 2022 டிசம்பரில் 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்ட நிறுவனமும் அதுதான். பணம் கட்டும் திரையை இவர்கள் கையில் முழுதாகக் கொடுத்தால் பிள்ளைகளின் கதி?

இன்னொன்று. வீட்டு விளையாட்டுக் கருவிகளை விற்கும் சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ மூவரும் 30 சதவீதம்தான் எடுக்கிறார்கள். அங்கே எபிக் வாயைத் திறப்பதில்லை.

கரிசல்மகள்:
தங்கள் எக்ஸ்பாக்ஸ் கருவி விற்பனையில் லாபமே பார்த்ததில்லை என்று மைக்ரோசாஃப்ட் அதிகாரி இதே வழக்கில் சாட்சி சொன்னார். நஷ்டத்துக்குக் கருவியை விற்றுவிட்டு விளையாட்டில் ஈடுகட்டுகிறார்கள். ஐபோன் அப்படியா விற்கப்படுகிறது? ஆப் ஸ்டோரின் லாப விகிதம் 75 சதவீதத்துக்கு மேல் என்று எபிக்கின் நிபுணர் கணக்குப் போட்டார், நீதிபதியும் அதை ஏற்றார்.

குதிரைவாலி:
நின்டெண்டோ பொதுவாகக் கருவியையும் லாபத்துக்கே விற்கிறது. அதற்கு என்ன சொல்வீர்கள்?

ஆலமரத்தான்:
அதற்குப் பதில் வராது, குதிரைவாலி.

பாதுகாப்பை யாருமே தொடவில்லை. மேக் கணினியில் இருக்கும் தீங்குநிரல்களின் அளவு தங்களுக்கே ஏற்புடையதாக இல்லை என்று ஆப்பிளின் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரேக் ஃபெடெரிகி சாட்சியமே கொடுத்தார். எழுபது வயதுக்காரர் கையில் இருக்கும் கைபேசியில் அந்த நிலைமை வேண்டுமா?

பனைநிலம்:
தன் கணினியைத் தானே குறை சொல்லித் தன் கைபேசிக் கடையைக் காப்பாற்றிய அந்தச் சாட்சியத்தை நான் மறக்கவே மாட்டேன். கடையைப் பூட்டுவதற்கு வேண்டுமானால் பாதுகாப்பைக் காரணம் சொல்லலாம். "இணையதளத்தில் விலை குறைவு" என்ற ஒரு வரியைத் தடுப்பதற்கு அது எப்படிக் காரணமாகும்?

வெளி வழியை அனுமதித்துவிட்டு அதிலும் கமிஷன் கேட்கும் தந்திரம் ஆப்பிளுக்கு மட்டும் சொந்தமில்லை. தென்கொரியா 2021இல் வெளிக் கட்டண வழிகளை அனுமதிக்க வேண்டும் என்று சட்டம் போட்டதும் கூகுள் தன் கமிஷனில் நான்கு புள்ளிகளை மட்டும் குறைத்தது. இந்தியாவிலும் அதே நான்கு. நம் ஊர்க் கதைதான் உங்களுக்குத் தெரியுமே: 2024 மார்ச்சில் சென்னையைச் சேர்ந்த பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட செயலிகளைக் கூகுள் நீக்கியது, மத்திய அமைச்சர் தலையிட்ட பிறகு அவை திரும்பி வந்தன. இந்தியப் போட்டி ஆணையம் 2022இல் கூகுளுக்கு பிளே ஸ்டோர் கட்டண முறைக்காக விதித்த 936.44 கோடி ரூபாய் அபராதம் மேல்முறையீட்டில் 216.69 கோடியாகச் சுருங்கியது.

ஆலமரத்தான்:
எல்லாம் சரி. ஆப்பிள் வழக்கில் 2025 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன சொன்னது என்பதை மட்டும் இருவரும் சாமர்த்தியமாக விட்டுவிட்டீர்கள். ஆப்பிள் செய்தது நீதிமன்ற அவமதிப்பு என்பதை உறுதி செய்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால், வெளி இணைப்பு வழியாக நடக்கும் விற்பனையில் ஒரு காசுகூட வாங்கக் கூடாது என்ற பகுதியை ரத்து செய்தார்கள். கடைக்காரரின் உழைப்புக்கு ஏதோ ஒரு கூலி உண்டு என்றுதானே அதற்குப் பொருள்?

கரிசல்மகள்:
உண்டு, அண்ணா. செயலியைச் சோதிக்க என்ன செலவு, சர்வருக்கு என்ன செலவு என்று கணக்கைத் திறந்து காட்டிவிட்டு வாங்கட்டும். 27 எங்கிருந்து வந்தது என்று நீதிமன்றத்தில் கேட்டபோது காட்டிய கணக்கு பிறகு ஜோடித்ததாக அல்லவா தெரிந்தது.

குதிரைவாலி:
தன் கடையில் எபிக் 12 சதவீதம் வாங்குகிறதே, அந்தக் கணக்கையும் சேர்த்துத் திறக்கச் சொல்லுங்கள். அந்தக் கடை லாபத்தில் ஓடுகிறதா என்று முதலில் பார்ப்போம்.