வீட்டில் ஈர்ப்புவிசைச் சக்கரங்களைச் சோதிக்கச் சிறிய சட்டகம் அமைப்பது எப்படி?

சக்கரப்பித்தன் (கேள்வி):

அன்பர்களுக்கு வணக்கம். எடைகளின் ஈர்ப்பாலேயே சுழல முயலும் ஈர்ப்புவிசைச் சக்கரம் ஒன்றைச் செய்துவருகிறேன். 45 செ.மீ. விட்டமுள்ள பிளைவுட் வட்டில் 12 நெம்புகோல்களைப் பொருத்தி, ஒவ்வொன்றின் நுனியிலும் போல்ட், நட்டுகளாக ஏறத்தாழ 50 கிராம் எடை ஏற்றியிருக்கிறேன். இறங்கும் பக்கத்தில் நெம்புகோல்கள் வெளியே விரியும். ஏறும் பக்கத்தில் உள்ளே மடங்கும். கையால் தள்ளிவிட்டால் ஒரு முறை நெடுநேரம் சுற்றுகிறது, மறு முறை சட்டென்று நின்றுவிடுகிறது. இதனால் நான் செய்யும் மாற்றம் பயன் தந்ததா இல்லையா என்று சொல்ல வழியில்லாமல் இருக்கிறது. பல வடிவமைப்புகளை ஒரே சட்டகத்தில் மாட்டி ஒப்பிட, அதிகச் செலவில்லாத முறை ஏதேனும் உண்டா? தானாகவே ஓயாமல் சுழலும் சக்கரம் இயலாது என்ற பாடத்தை நானும் படித்தவன்தான். அதை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல் அளக்கும் வழியையும் சொல்லுமாறு வேண்டுகிறேன்.

பட்டறைவாசி:

முதலில் அச்சைச் சரிசெய்யுங்கள். 8 மி.மீ. தண்டுக்கு 608 எண் பேரிங் இரண்டு போதும். வெளிவிட்டம் 22 மி.மீ. என்பதால் மரத்தில் துளையிட்டுப் பொருத்துவதும் எளிது. கடையில் வாங்கிய பேரிங்கில் கெட்டியான கிரீஸ் இருக்கும். ரப்பர் மூடியை ஊசியால் நெம்பி எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் உராய்வு கண்கூடாகக் குறையும். பேரிங் வாங்க மனமில்லையெனில், பழைய சைக்கிளின் முன் ஹப்பை ஃபோர்க்கோடு கழற்றி மேசையில் தலைகீழாக இறுக்கிக்கொள்ளலாம். ஹப்பின் குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கோனை (கூம்பு நட்டை) மட்டும் ஆட்டம் இல்லாத அளவுக்குத் தளர்த்த வேண்டும்.

இரு கால்களையும் கனமான அடிப்பலகையில் குறுக்குச் சட்டம் கொடுத்து நிறுத்துங்கள். சட்டகம் ஆடினால் சக்கரத்தின் ஆற்றல் அந்த ஆட்டத்திலேயே கரைந்துவிடும். தண்டின் மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பிறகு நெம்புகோல்களையெல்லாம் ஒரே ஆரத்தில் கம்பியால் கட்டி, சக்கரத்தை மெல்லச் சுற்றிவிடுங்கள். எப்போதும் ஒரே இடம் கீழே வந்து நின்றால் அங்கே கனம் அதிகம். எதிர்ப்புறத்தில் வாஷர் ஒட்டிச் சமன்செய்த பிறகே சோதனைக்குப் போக வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிடுவதும் அவசியம்.

இயற்பியல் ஆசிரியர்:

கையால் தள்ளுவதுதான் உங்கள் குழப்பத்தின் வேர். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு ஆற்றலைக் கொடுக்க, தண்டில் ஒரு சிறிய உருளையை மாட்டி நூல் சுற்றி, நுனியில் 100 கிராம் எடை கட்டி 1 மீட்டர் உயரத்திலிருந்து விடுங்கள். ஏறக்குறைய 1 ஜூல் கிடைக்கும். நூலின் மறுமுனையை உருளையில் கட்டாமல், உருளையில் அடித்த ஒரு ஆணியில் வெறுமனே மாட்டியிருந்தால், எடை தரையைத் தொட்டதும் அது தானே கழன்றுகொள்ளும். நிற்கும் வரையிலான சுற்றுகளைக் கைபேசியில் படம்பிடித்து எண்ணுங்கள். இதே சோதனையை நெம்புகோல்களைக் கட்டிவைத்து ஒரு முறையும் அவிழ்த்துவிட்டு ஒரு முறையும் செய்யுங்கள். சக்கரம், பேரிங், காற்று எல்லாம் ஒன்றே என்பதால், இரண்டு எண்ணிக்கைக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் நெம்புகோல்களின் வேலையாகவே இருக்கும். வெறுமனே எவ்வளவு நேரம் சுற்றியது என்ற கணக்கு பேரிங்கின் பெருமையைத்தான் சொல்லும்.

இதைவிட எனக்குப் பிடித்தது, சக்கரத்தை ஓடவிடாமலே திருப்புவிசையை அளப்பது. தண்டில் 10 செ.மீ. ஆரமுள்ள கப்பியைப் பொருத்தி, அதிலிருந்து செங்குத்தாக இறங்கும் நூலைச் சமையலறை டிஜிட்டல் தராசின் மேல் வைத்த 2 கிலோ படிக்கல்லில் கட்டுங்கள். சக்கரம் நூலை மேலே இழுக்கும் அளவுக்குத் தராசின் கணக்கு குறையும். சக்கரம் எதிர்த்திசையில் திரும்ப முயலும்போது நூல் தொய்ந்துவிடாமல் இருக்க, கப்பியின் மறுபக்கத்தில் ஒரு நிலையான எடையைத் தொங்கவிட்டு அதைக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். 10 பாகைக்கு ஒரு கோடு வீதம் 36 நிலைகளில் அளவெடுங்கள். அடுத்த கோட்டுக்கு நகர்த்தும்போது சுழலும் திசையிலேயே நகர்த்த வேண்டும், பின்னோக்கித் திருப்பினால் மடங்க வேண்டிய நெம்புகோல் விரிந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

முப்பத்தாறையும் கூட்டிப் பாருங்கள். சில கோணங்களில் நல்ல இழுப்பு தெரியும். அதை மட்டும் பார்த்துத்தான் பலரும் மயங்குகிறார்கள். வெளியே விரிந்த பக்கத்தில் கை நீளம், ஆனால் எடைகளின் எண்ணிக்கை குறைவு. மறுபக்கத்தில் கை குட்டை, எண்ணிக்கை அதிகம். முழுச் சுற்றுக்குக் கூட்டினால் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழேதான் நிற்கும். அந்தக் குறைவு, நெம்புகோல் ஒவ்வொன்றும் தடுப்பில் டக்கென்று விழும்போது ஒலியாகவும் வெப்பமாகவும் போன ஆற்றல்.

பழஞ்சுவடி:

நெம்புகோலுக்குப் பதில் திரவம் வைத்துப் பார்க்கும் எண்ணம் வந்தால் ஒரு வார்த்தை. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் விவரித்த சக்கரத்தில், உள்ளீடற்ற ஆரக்கால்களில் பாதியளவு பாதரசம் நிரப்பப்படுகிறது. வீட்டில் பாதரசம் வேண்டாம். அதன் ஆவி நஞ்சு. வளைந்த குழாய்களில் சைக்கிள் பால்ஸ் போட்டாலே அதே வடிவத்தைச் சோதித்துவிடலாம்.

தானே ஓயாமல் சுழலும் சக்கரம் செய்ததாகச் சொன்ன ஜெர்மனியின் யோஹான் பெஸ்லர் கதையையும் சட்டகம் அமைப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும். 1717 நவம்பரில் காஸல் நகருக்கு அருகே ஒரு கோட்டை அறையில் அவருடைய 12 அடிச் சக்கரத்தைச் சுழலவிட்டுப் பூட்டி முத்திரையிட்டார்கள்; 1718 ஜனவரியில் திறந்தபோதும் அது சுழன்றுகொண்டிருந்ததாகப் பதிவு உண்டு. பக்கத்து அறையிலிருந்து ஆள் வைத்துச் சுற்றினார்கள் என்று அவருடைய பணிப்பெண் பிற்பாடு சொன்னார். சக்கரத்தின் உட்புறத்தைப் பெஸ்லர் எல்லோருக்கும் திறந்து காட்ட மறுத்ததால் அந்த வழக்கு இன்றும் வம்பாக இருக்கிறது. உங்கள் தாங்குகால்களையும் தண்டின் இரு முனைகளையும் எல்லோரும் பார்க்கும்படி திறந்தே வையுங்கள்.

சக்கரப்பித்தன்:

மூவருக்கும் நன்றி. தராசு முறையை முதலில் செய்யப் போகிறேன். சுற்றுகளை எண்ணக் காந்தமும், அது அருகே வருவதை உணரும் ஹால் சென்சாரும் கைவசம் உள்ளன, அவற்றைப் பயன்படுத்தலாமா?

பட்டறைவாசி:

உங்கள் எடைகள் இரும்பு போல்ட்டுகள் அல்லவா? காந்தம் சட்டகத்தில் இருந்தால் ஒவ்வொரு போல்ட்டையும் சற்று இழுத்துவிடும். விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு தீட்டி அகச்சிவப்பு சென்சார் வையுங்கள். அது சக்கரத்தைத் தொடாது, இழுக்காது. எடைகளுக்கு சாதாரண நட்டுக்குப் பதில், எளிதில் கழலாத நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் உள்ளது) போட்டு, முன்னால் ஓர் அக்ரிலிக் தகட்டை நிறுத்திய பிறகே வேகமாகச் சுற்றிவிடுங்கள். 50 கிராம் போல்ட் கழன்று பறந்தால் கண்ணுக்கு ஆபத்து.