சம்பந்தன் ஐயா 47 வருடமும் தொடர்ந்து எம்.பி.யாக இருந்தாரா?

உப்புவெளிப் பொடியன்:
முகப்புத்தகத்தில் ஒரு பதிவு, சம்பந்தன் ஐயா '1977 தொடக்கம் 2024 வரை திருமலையின் (திருகோணமலை) எம்.பி.' என்று. பக்கத்து வீட்டு அண்ணை, அதெல்லாம் பொய், இடையில் தோற்றவர் என்கிறார். எது சரி?

பழைய வாக்காளன்:
அண்ணை சொல்வதுதான் சரி தம்பி. 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியில் நின்று வென்றார், அதுவரை இங்கே சட்டத்தரணி. 83இல் அரசியலமைப்புக்கு ஆறாம் திருத்தம் வந்தது, பிரிவினை கேட்கமாட்டோம் என்று சத்தியம் செய்ய வேண்டும், கூட்டணிக்காரர் செய்யவில்லை, மூன்று மாதம் சபைக்கும் போகாததால் ஆசனம் பறிபோனது. பிறகு 89இல் தோல்வி, 94இலும் விருப்பு வாக்கில் அதே கட்சித் தங்கத்துரைக்கு அடுத்த இடம்தான். 97 ஜூலையில் தங்கத்துரையை இங்கேயே கொன்றார்கள், அந்த வெற்றிடத்துக்குத்தான் இவர் திரும்பப் போனார். 2000இல் மறுபடியும் தோல்வி. 2001இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உருவான பிறகுதான், 2024 ஜூன் 30இல் 91 வயதில் சாகும்வரை, விடாமல் இருந்தார். கூட்டினால் ஏறத்தாழ 32 வருடம். 14 வருடம் வெளியே கிடந்தும் அரசியலை விடாததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கொட்டியாரம்:
32 வருடம் சரி, கிடைத்தது என்ன? 2015இல் இரண்டு பெரிய கட்சியும் சேர்ந்து அரசு அமைத்ததால், 16 ஆசனத்தோடு இவருக்கு எதிர்க்கட்சித் தலைவர் பதவி வந்தது. அமிர்தலிங்கத்துக்குப் பிறகு அந்தக் கதிரையில் இருந்த தமிழர் இவர்தான். ஆனால் எதிர்க்கட்சி மாதிரியா நடந்தார்? புதிய அரசியலமைப்பு வரும் வரும் என்று அப்போதைய பிரதமர் ரணிலை நம்பினார், அது வரைபோடு நின்றது, 2018 டிசம்பரில் பதவி மகிந்தவுக்குப் போனது. கடைசிக் காலத்தில் நடக்கவே ஏலாமல் இருந்தவர், ஆசனத்தை ஒரு இளையவருக்கு விட்டிருக்கலாம்.

சம்பூர் மருமகள்:
கொட்டியாரம் அண்ணா, எங்கள் சம்பூர்ச் சனம் 2006இல் சண்டைக்குள் உடுத்த துணியோடு ஓடி, கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டிலுக்குள் வருடக்கணக்கில் வெந்தது. முதலீட்டுச் சபைக்கென்று அரசு எடுத்த எங்கள் 818 ஏக்கர் காணி 2015இல் விடுபட்டது. அவர் தனியாகச் செய்தார் என்று சொல்லவில்லை, ஆட்சியும் மாறியது. ஆனாலும் அவர் அதை விடாமல் கேட்டார், மாமி இப்போது சொந்த வளவில் கத்தரி வைத்திருக்கிறா. வயது விசயத்தில் நீங்கள் சொல்வதை மறுக்கமாட்டேன்.

உப்புவெளிப் பொடியன்:
நன்றி. அப்போ அவர் இறந்த பிறகு ஆசனம் இடைத்தேர்தல் இல்லாமலா அவர் கட்சிக் குகதாசனுக்குப் போனது?

பழைய வாக்காளன்:
ஓம், 97இல் இவர் போன அதே வழி, பட்டியலில் அடுத்தவர். 2024 நவம்பரில் குகதாசன் தேர்தலிலும் வென்றுவிட்டார்.